ஈடு ஈடாகச் செய்தலும் ஓட்டமாகச் செய்தலும்

இட்லித் தட்டை அடுப்பிலேற்றி, வெந்தபின் இறக்கி, மறுபடியும் மாவூற்றி ஏற்றுவதை ‘ஓர் ஈடு’, ‘இரண்டாம் ஈடு’ என்று சொல்லுவது தமிழ் இல்லங்களின் வழக்கம். ஒரு பாண்டத்தில் வேண்டிய சரக்குகளையெல்லாம் ஒருங்கே இட்டு, வேண்டிய காலம் வரை வைத்திருந்து, பக்குவமானதும் முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து துவக்குவதே ஈட்டு முறையாகும். பாண்டத்தின் ஒரு வாயில் வழியாகச் சரக்கு சிறிது சிறிதாக உட்சென்றுகொண்டும், செல்லும் வழியிலேயே பக்குவமடைந்துகொண்டும், மறு வாயில் வழியாக அதே அளவு வெளிவந்துகொண்டும் இருப்பது ஓட்ட முறையாகும்.

இரசாயனத் தொழில்கள் யாவும் இவ்விரண்டு முறைகளுள் ஒன்றையேனும், இரண்டின் சேர்க்கையையேனும் அனுசரித்து நடைபெறுகின்றன. குடியானவர் வயலுக்கு இடும் யூரியாவும், அவர் வீட்டுக் கலியாணத்திற்கு வாங்கும் பட்டும், அவர் தொழுவத்துச் சாணமும் இம்முறைகளோடு சம்பந்தப்பட்டவையே. ஒரு முறைக்காக அமைக்கப்பட்ட பாண்டத்தை மற்றொரு முறையின் வழக்கப்படி நடத்தினால் பொருள் நஷ்டம் உண்டாகும். பல கிராமங்களில் பெருஞ் செலவில் கட்டிய சாண எரிவாயுக் கலங்கள் சில மாதங்களிலேயே வாயு தராமல் பாழாவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். ஆகவே இவ்விரு முறைகளின் இயல்பையும், அவற்றின் குண தோஷங்களையும் அறிந்து வைத்தல் நலம் பயக்கும்.

ஈட்டு முறை

பாலாற்றின் கரையில், செங்கற்பட்டிலிருந்து காஞ்சிபுரம் செல்லும் இருப்புப் பாதையில் உள்ளது வாலாஜாபாத். அதைச் சுற்றிலும் ஏரிப் பாசனத்தில் நெல் விளையும் கிராமங்களும், நெசவாளர் குடும்பங்களும் உள்ளன. இப்பக்கத்தில் நடைபெறும் பழைய தொழில்கள் பெரும்பாலும் ஈட்டு முறையைச் சார்ந்தவை.

முதலாவதாகப் பட்டு நூலின் பசை நீக்குதலைக் கவனிக்கலாம். பட்டுப்புழு கக்கும் இழையில் நூலாக நிற்கும் பொருள் ஒன்றும், அதைச் சுற்றிப் பூசினாற்போலிருக்கும் பசை ஒன்றும் உண்டு. கச்சாப் பட்டின் எடையில் சுமார் கால் பாகம் இப்பசையே. இது நீங்கினாலன்றிப் பட்டுக்கு மென்மையும் பளபளப்பும் வாரா. சாயமும் சீராக ஏறாது. ஆதலால் நூற் சிட்டங்களைச் சோப்பும் சலவைச் சோடாவும் கரைத்த கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரில் அமிழ்த்தி, திருப்பித் திருப்பி விட்டு, பசை கரைந்தபின் எடுத்து அலசுகிறார்கள். நேரம் குறைந்தால் பசை தங்கிவிடும். நேரம் மிகுந்தாலோ, சோடா மிகுந்தாலோ நூல் நலிந்துவிடும். ஒரே கொப்பரையில் அடியிலிருக்கும் சூடும் மேலிருக்கும் சூடும் ஒன்றாயிரா. முதல் ஈட்டில் புதிதாயிருந்த கரைசல் அடுத்த ஈட்டில் பலங்குறைந்திருக்கும். இவற்றையெல்லாம் கண்ணாலும் கையாலும் அறிந்து சரிக்கட்டுவதே தொழிலாளியின் திறமை.

சாயமிடுதலும் அவ்வாறே. ஒரு புடவையின் உடலுக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே ஈட்டில் சாயமேற்றுவது நல்லது. பாதியை ஓர் ஈட்டிலும் மீதியை மற்றோர் ஈட்டிலும் ஏற்றினால் நிறம் சற்றே வேறுபட்டு, நெய்தபின் பட்டை பட்டையாகத் தெரியும். ஒவ்வோர் ஈடும் தனித்தனிப் பிறவி என்பதற்கு இதைக் காட்டிலும் தெளிவான அத்தாட்சி வேண்டுவதில்லை.

இரண்டாவது, புழுங்கலரிசிக்கு நெல் ஊறவைத்தல். பழைய வழக்கப்படி நெல்லைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் நிரப்பி ஒன்று முதல் மூன்று நாள் வரை வைத்திருப்பார்கள். இக்காலத்தில் நீர் புளித்து நாற்றமெடுக்கும். அந்நாற்றம் அரிசியிலும் ஏறும். சுமார் 70 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணமுள்ள நீரில் ஊறவைத்தால் மூன்று அல்லது நான்கு மணி நேரமே போதும் என்பதை மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் காட்டியுள்ளனர். இங்கே கால அளவு மட்டுமே மாறியது. தொட்டியை நிரப்பிக் காத்திருந்து காலி செய்யும் ஈட்டு முறை மாறவில்லை.

மூன்றாவது, குடியானவர் யாவரும் அறிந்த எருக்குழி. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை நடத்திய ஆராய்ச்சிகளின் பயனாக வெளிவந்த கம்போஸ்டு முறையும், பின்னர் பெங்களூரில் ஆசார்யா வகுத்த முறையும் ஈட்டு முறைகளே. குப்பையையும் சாணத்தையும் அடுக்கடுக்காகப் போட்டுக் குழியை நிரப்பி, மக்கும் வரை விட்டுவைத்து, பின்பு முழுவதையும் ஒரே காலத்தில் வெட்டி எடுக்கிறோம். அறுவடை முடிந்தவுடன் ஏராளமாகக் கிடைக்கும் சருகு, தாள், களை ஆகியவற்றுக்கு இதுவே ஏற்றது. ஏனெனில் சரக்கும் ஒரே காலத்தில் வருகிறது, எருவும் ஒரே காலத்தில் தேவைப்படுகிறது.

ஓட்ட முறையின் கணக்கு

ஓட்ட முறையைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கணக்குப் போதும். 1,000 லிட்டர் கொள்ளும் தொட்டி நிரம்பியிருக்கிறது எனக் கொள்க. நாளொன்றுக்கு 100 லிட்டர் உள்ளே விட்டால், வழிவாயில் வழியாக 100 லிட்டர் வெளியேறும். உட்செல்லும் சரக்கு சராசரி 10 நாள் தொட்டியில் தங்கும். கொள்ளளவை நாள் வரவால் வகுக்கக் கிடைப்பது தங்கு காலம். நாளொன்றுக்கு 200 லிட்டர் விட்டால் தங்கு காலம் 5 நாளாகக் குறையும். 50 லிட்டர் விட்டால் 20 நாளாக நீளும்.

ஈட்டு முறையில் காலத்தைக் கடிகாரம் காட்டுகிறது. ஓட்ட முறையில் காலத்தை வரவின் வேகமே நிர்ணயிக்கிறது. ஈட்டு முறைக்காரர் ‘இன்னும் ஒரு நாள் இருக்கட்டும்’ என்று விட்டுவைக்கலாம். ஓட்ட முறைக்காரர் இன்று அதிகமாகத் திணித்தால், அதற்கு முன்னிட்ட சரக்கு பக்குவமாகாமலே வெளியே தள்ளப்படும். அன்றியும், தொட்டிக்குள் குறுக்கு வழி இருக்குமாயின், இன்று இட்டதில் ஒரு பகுதி நாளையே வெளியேறிவிடக்கூடும். இதைத் தடுக்கவே ஓட்டக் கலங்களில் குறுக்குச் சுவர் எழுப்புதல், நீண்ட குழாயாக அமைத்தல், அடுத்தடுத்துப் பல தொட்டிகளாகப் பிரித்தல் முதலிய உபாயங்கள் கையாளப்படுகின்றன.

ஈட்டிலிருந்து ஓட்டத்திற்கு மாறிய சலவைச் சோடா

பட்டின் பசை நீக்கப் பயன்படும் சலவைச் சோடாவின் சரித்திரமே இவ்விரு முறைகளின் வேற்றுமையை நன்கு விளக்கும். பிரான்சு தேசத்து நிக்கோலா லெப்ளாங்கு 1791 ஆம் ஆண்டில் சாதாரண உப்பிலிருந்து சோடா தயாரிக்கும் வழியொன்றிற்கு உரிமை பெற்றார். உப்பைக் கந்தகத் திராவகத்தோடு சேர்த்துக் காய்ச்சி, பின்னர் சுண்ணாம்புக் கல்லோடும் நிலக்கரியோடும் கலந்து உலையில் வறுத்து, கரியகட்டியாக வருவதை நீரில் ஊறவைத்துச் சோடாவைப் பிரித்தார்கள். ஒவ்வோர் உலையும் ஓர் ஈடு. ஈடுதோறும் உலையை நிரப்பிக் கிளறிக் காலி செய்ய ஆட்கள் வேண்டும். இம்முறையில் எழுந்த உப்புத் திராவக ஆவி காற்றிற் கலந்து சுற்றுப்புறத்து மரங்களையும் பயிர்களையும் தீய்த்தது. பிரிட்டனில் நிலமுடையோர் முறையிட்டதன்மேல் 1863 ஆம் ஆண்டில் இதற்கெனச் சட்டம் செய்யவேண்டியதாயிற்று.

பெல்ஜியம் தேசத்து எர்னஸ்டு சால்வே 1861 ஆம் ஆண்டில் வேறொரு வழிக்கு உரிமை பெற்றார். உயரமான கோபுரத்தின் மேலிருந்து அம்மோனியா கலந்த உப்புநீர் இடைவிடாது இறங்குகிறது. கீழிருந்து கரியமில வாயு இடைவிடாது ஏறுகிறது. இரண்டும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் சோடா உப்பு படிகிறது. அம்மோனியா செலவாகாமல் மீட்கப்பட்டு மறுபடியும் சுழல்கிறது. இம்முறையிலும் கழிவு உண்டு. ஆயினும் ஆளும் எரிபொருளும் குறைந்தன. சரக்கின் தரம் சீரடைந்தது. சில பத்தாண்டுகளில் லெப்ளாங்கு உலைகள் மறையலாயின. குஜராத்திலுள்ள மிட்டாப்பூரில் தயாராகும் சோடாவும் சால்வே முறையைச் சார்ந்ததே. இவ்வாறு, ஈட்டு முறையிற் பட்டை வேகவைக்கும் கொப்பரையில் ஓட்ட முறையிற் பிறந்த சோடா கரைகிறது.

உரமும் ஓட்டமும்

நைட்ரஜன் உரங்களுக்கு மூலமான அம்மோனியாவை ஈடு ஈடாகச் செய்வது வியாபாரத்திற்குக் கட்டாது. ஜெர்மனியில் பிரிட்சு ஹேபர் 1909 ஆம் ஆண்டில் காற்றிலுள்ள நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் மிகுந்த அழுத்தத்தில், சூடான ஊக்கியின்மேல் ஓடவிட்டு அம்மோனியாவைத் துளித்துளியாக எடுத்துக் காட்டினார். கார்ல் பாஷ் அதைப் பெருந்தொழிலாக்கி, 1913 ஆம் ஆண்டில் ஓப்பாவு என்னுமிடத்தில் தொழிற்சாலையைத் துவக்கினார்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாயுக்கள் ஒரு முறை ஊக்கியைக் கடக்கும்போது அவற்றில் சிறு பங்கே அம்மோனியாவாக மாறுகிறது. மூடிய பாண்டத்தில் வைத்துக் காத்திருந்தாலும் ஓரெல்லைக்கு மேல் மாறாது. ஆனால் வாயு ஓடிக்கொண்டிருப்பதால், உண்டான அம்மோனியாவைக் குளிரவைத்துத் திரவமாகப் பிரித்துவிட்டு, மாறாத வாயுவைப் புது வாயுவோடு சேர்த்து மறுபடியும் அனுப்பலாம். இவ்விதம் சுழல விடுவதால் சரக்கு ஏறக்குறைய முழுவதும் பயனாகிறது. சென்னைக்கு வடக்கே மணலியில் 1971 ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய சென்னை உரத் தொழிற்சாலை இத்தத்துவத்தின் மேலேயே அமைந்தது. அம்மோனியாவும் கரியமில வாயுவும் சேர்ந்து, நூற்றுக்கு 46 பங்கு நைட்ரஜன் உள்ள யூரியாவாகின்றன.

ஓட்ட முறைக்குக் குறையும் உண்டு. இத்தகைய தொழிற்சாலையை மாலையில் நிறுத்திக் காலையில் துவக்க இயலாது. நிறுத்தினால் மறுபடியும் சூடும் அழுத்தமும் சீராக வருவதற்குப் பெரும் பிரயாசையும் செலவும் ஆகும். மூலப்பொருள் ஒரு நாளும் தடைபடலாகாது. ஓர் உறுப்புப் பழுதானாலும் முழுத் தொடரும் நிற்கும்.

இருப்பும் அபாயமும்

இரசாயன சாஸ்திரிகள் ஓட்ட முறையை விரும்புவதற்கு மற்றொரு காரணம் அபாயக் குறைவு. ஈட்டுப் பாண்டத்தில் அன்றைய சரக்கு முழுவதும் ஒரே இடத்தில் இருக்கிறது. அது சூடேறிக் கட்டுக்கடங்காமற் போனால் முழுவதும் ஒருங்கே பொங்கும். ஓட்டக் குழாயில் எந்நேரமும் இருப்பது சிறிதளவே. கேடு நேரினும் வரவை நிறுத்தினால் அச்சிறிதளவோடு நிற்கும்.

1984 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 2 ஆம் தேதி இரவு போபால் நகரில் யூனியன் கார்பைடு தொழிற்சாலையில் நேர்ந்த பெருங்கேடு இதற்கு உதாரணம். பயிர்களுக்குத் தெளிக்கும் கார்பரில் என்னும் பூச்சிமருந்துக்கு இடைப்பொருளாக மெத்தில் ஐசோசயனேட்டு என்னும் கொடிய திரவம் அங்கே தயாரிக்கப்பட்டு, பெருந் தொட்டிகளில் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. சுமார் 40 டன் இருந்த தொட்டியில் தண்ணீர் புகுந்தது. சூடேறி ஆவி பொங்கி நகரின் மேற் பரவிற்று. குளிர்விக்கும் சாதனம் முன்னரே நிறுத்தப்பட்டிருந்தது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர், எஞ்சியோரில் இலட்சக்கணக்கானோர் நோய்ப்பட்டனர். அவ்விடைப்பொருளை வேண்டிய அளவே உண்டாக்கி, உண்டானவுடனேயே அடுத்த கட்டத்திற் செலவிட்டுவிடும் தொடர் முறையில் சில கிலோவுக்கு மேல் இருப்பு வேண்டுவதில்லை. அமெரிக்காவில் பின்னர் அத்தகைய அமைப்பும் கையாளப்பட்டது. கார்பரில் மருந்தை இந்திய அரசாங்கம் 2018 ஆம் ஆண்டில் தடை செய்துவிட்டது.

ஓட்ட முறையிற் செய்த சரக்காயினும், அதைக் குவித்து வைத்தால் அபாயம் திரும்பி வரும் என்பதையும் மறக்கலாகாது. மேற்சொன்ன ஓப்பாவு தொழிற்சாலையிலேயே 1921 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், களஞ்சியத்தில் குவிந்து இறுகிய நைட்ரேட்டு உரக் கலவையை வெடிவைத்துப் பெயர்க்கையில் குவியல் வெடித்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

மெல்லிய குழாயிற் செய்யும் இரசாயனம்

சென்ற சில பத்தாண்டுகளில் ஓட்ட முறை பெருந் தொழிற்சாலைகளை விட்டு ஆராய்ச்சி சாலைகளின் மேசைக்கும் வந்துள்ளது. இரண்டு திரவங்களைப் பென்சிலை விட மெல்லிய குழாய்களிற் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் கலக்கவிட்டு, குழாயின் நீளத்தால் தங்கு காலத்தை அளந்து மருந்துகளையும் சாயங்களையும் தயாரிக்கிறார்கள். குழாய் மெல்லியதாயிருப்பதால் சூடு உடனுக்குடன் வெளியேறும். கலத்தலும் சீராக நடைபெறும். புனேயிலுள்ள தேசிய இரசாயன ஆராய்ச்சி நிலையத்திலும் இத்துறையில் வேலை நடந்து வருகிறது.

ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்கு ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பீட்டர் சீபர்கரும் அவருடைய சகாவும் 2012 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி குறிப்பிடத்தக்கது. மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் ஒரு செடியிலிருந்து எடுக்கப்படுவது. அம்மருந்தை எடுக்கையில் வீணாகும் அமிலமொன்றை ஒளியின் உதவியால் மருந்தாக மாற்றலாம். ஆனால் பெரிய பாண்டத்தில் ஒளி சிறிது ஆழமே ஊடுருவும். அவர்கள் விளக்கைச் சுற்றி மெல்லிய குழாயைச் சுருளாகச் சுற்றி, அதன் வழியே கரைசலை ஓடவிட்டார்கள். துளியெல்லாம் ஒளி பெற்றது. அடர்ந்த நாற்றங்காலில் அடியிலைகள் வெளிறியிருப்பதைக் கண்ட குடியானவருக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும்.

எது எங்கே உகந்தது

இவற்றால் ஓட்ட முறையே எங்கும் சிறந்தது என்று கருதுதல் தவறு. சரக்கு நாள்தோறும் ஒரே தன்மையாய்க் கிடைக்கவேண்டும். பலனும் நாள்தோறும் வேண்டப்படவேண்டும். கவனிக்க ஆளும் இருக்கவேண்டும். இம்மூன்றும் அமைந்தவிடத்தில் ஓட்ட முறை இலாபகரமானது. சரக்கு பருவத்தில் மட்டும் கிடைப்பதாயின், அல்லது ஒவ்வொரு முறையும் வெவ்வேறு பண்டம் செய்யவேண்டுமாயின், ஈட்டு முறையே தகுதி. இன்று அரக்கும் நாளை மயில் கழுத்து நிறமும் கேட்கப்படும் காஞ்சிபுரத்துச் சாயக்காரருக்குச் சிறு கொப்பரையே பொருத்தம். கட்டியான பொருள்களை மெல்லிய குழாயில் ஓட்ட முடியாது, அடைத்துக்கொள்ளும்.

எனினும் ஈட்டு முறைத் தொழிலாளியும் ஓட்ட முறையிலிருந்து ஒரு பாடம் கொள்ளலாம். நூலை மும்முறை அலசவேண்டுமாயின், மூன்று தொட்டிகளை வரிசையாக வைத்து, நூல் ஒரு திசையிலும் நீர் எதிர்த் திசையிலும் செல்லுமாறு செய்தால், கடைசித் தொட்டியின் தெளிந்த நீரே அதற்கு முந்திய தொட்டிகளுக்கும் உதவும். ஒவ்வோர் அலசலுக்கும் புது நீர் செலவிடுவதைவிட நீர் பெரிதும் மிச்சமாகும். கழிவு நீரும் குறையும்.

குடியானவரின் ஓட்டக் கலம்

குடியானவர் தம் வீட்டிலேயே நடத்தக்கூடிய ஓட்ட முறை இரசாயனம் சாண எரிவாயுக் கலமாகும். சாணத்திலிருந்து எரிவாயு எடுத்தலைப் பற்றி டில்லியிலுள்ள விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் 1930 ஆம் ஆண்டுகளின் இறுதியிலேயே பரிசோதனைகள் துவங்கின. 1950 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஜஷ்பாய் படேல் மிதக்கும் வாயு மூடியுடைய கலத்தை அமைத்தார். 1960 ஆம் ஆண்டுகளில் கதர் கிராமக் கைத்தொழில் கமிஷன் அதை நாடெங்கும் பரப்பலாயிற்று. பின்னர் 1984 ஆம் ஆண்டில் ‘தீனபந்து’ என்னும் நிலைக்கூரைக் கலம் வந்தது.

கலத்தினுள் நடப்பது இது. காற்றுப் புகாத இடத்தில் ஒருவகை நுண்கிருமிகள் சாணத்திலுள்ள நாரையும் மாவையும் கரைத்து அமிலங்களாக்குகின்றன. மற்றொரு வகைக் கிருமிகள் அவ்வமிலங்களை உண்டு மீதேன் என்னும் எரிவாயுவை வெளியிடுகின்றன. கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் மீதேன். எஞ்சியது பெரும்பாலும் கரியமில வாயு. அமிலக் கிருமிகள் விரைந்து பெருகும். மீதேன் கிருமிகள் மெதுவாகவே பெருகும். இவ்விரண்டின் வேகத்தையும் சமன் செய்து வைப்பதே கலம் நடத்துவோரின் கடமை. ஒரே நாளில் அதிகமாக இட்டால் அமிலம் மிகுந்து மீதேன் கிருமிகள் அடங்கிவிடும். தங்கு காலம் மிகக் குறைந்தால், அவை பெருகுவதற்கு முன்னரே கரைசலோடு வெளியே அடித்துச் செல்லப்படும்.

கலத்தின் அளவை நிர்ணயிக்கும் கணக்கு முன் சொன்னதே. தமிழ்நாட்டின் உஷ்ணத்திற்குத் தங்கு காலம் 30 முதல் 40 நாள் வரை கொள்ளலாம். நாளொன்றுக்கு 50 கிலோ சாணமும் 50 லிட்டர் தண்ணீரும் இடுவதாயின் வரவு சுமார் 100 லிட்டர். 40 நாளுக்கு 4,000 லிட்டர் கொள்ளும் கலம் வேண்டும். ஒரு கிலோ சாணத்திலிருந்து சுமார் 40 லிட்டர் வாயு கிடைக்குமாகையால், 50 கிலோவிலிருந்து 2,000 லிட்டர், அதாவது 2 கன மீட்டர் கிடைக்கும். ஐந்தாறு பேருள்ள குடும்பத்தின் சமையலுக்கு இது ஏறக்குறையப் போதும்.

ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும் என்று கொள்வது வழக்கம். ஆனால் மேய்ச்சலுக்குச் செல்லும் மாட்டின் சாணத்தில் பாதி வெளியிலேயே போய்விடும். ஆதலின் மாடுகளை எண்ணிக் கலம் கட்டுவது பிசகு. கட்டுவதற்கு முன் ஒரு வாரம் தொழுவத்தில் நாள்தோறும் கிடைக்கும் சாணத்தை நிறுத்துப் பார்த்து, அந்தச் சராசரிக்கேற்ற அளவையே தெரிந்தெடுக்கவேண்டும்.

கவனிக்கவேண்டியவை

1. முதல் நிரப்புதல் மட்டும் ஈட்டு முறையைச் சார்ந்தது. சாணத்தையும் நீரையும் சம அளவில் கரைத்து நிரப்பி, நன்றாக நடைபெறும் வேறொரு கலத்தின் கரைசலில் சில குடங்களை விதையாகச் சேர்த்து, வாயு வரும் வரை காத்திருக்கவேண்டும். இரண்டு மூன்று வாரங்கள் செல்லலாம். முதலில் வரும் வாயுவில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும், அது எரியாது. காற்றோடு நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு மீதேன் கலந்தால் வெடிக்கக்கூடும். ஆதலால் முதல் வாயுவை வெளியே விட்டுவிடவேண்டும். கலத்தின் வாயிலில் நெருப்பு வைத்துச் சோதித்தல் ஒருபோதும் கூடாது.

2. வாயு எரியத் தொடங்கியபின் நாள்தோறும் ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் இடவேண்டும். நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் ஐந்து நாட் சாணத்தையும் கொட்டுதல் எருக்குழியின் வழக்கம். கலத்திற்கு அது கேடு. விட்டுப்போன நாட்களின் சாணத்தை எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, கலத்திற்கு அன்றைய அளவை மட்டும் இடுக.

3. தண்ணீரைக் குறைத்தால் கரைசல் இறுகி ஓட்டம் தடைப்படும். மிகுத்தால் தங்கு காலம் குறையும். வைக்கோல், மண், மணல் ஆகியவற்றை நீக்கிக் கரைத்து ஊற்றவேண்டும். வைக்கோல் மேலே ஆடையாகக் கட்டும். மணல் அடியிற் படிந்து கலத்தின் கொள்ளளவைத் தின்னும்.

4. சோப்பு நீர், பினாயில், பூச்சிமருந்து தெளித்த கருவி கழுவிய நீர் ஆகியவை கிருமிகளைக் கொல்லும். நெசவுத் தொழிலும் மாடு வளர்ப்பும் ஒரே வீட்டில் நடைபெறும் வாலாஜாபாத் பக்கத்தில், பட்டு வேகவைத்த சோப்பு நீரும் சாய நீரும் எக்காரணத்தாலும் கலத்திற்குள் செல்லாதவாறு வாய்க்காலைப் பிரித்து அமைக்கவேண்டும். நோயுற்ற மாட்டிற்கு மருந்து கொடுத்துள்ள காலத்தில் அதன் சாணத்தையும் தவிர்ப்பது நலம்.

5. வாயு குறைந்து, சுடர் சரிவர எரியாமல், கரைசல் புளித்த நாற்றம் வீசினால் அமிலம் மிகுந்துவிட்டதென அறிக. அப்பொழுது மேலும் சாணம் இட்டால் கேடு பெருகும். சில நாட்கள் வரவை நிறுத்தி, சிறிது சுண்ணாம்பு நீர் சேர்த்து, வாயு மீண்டபின் சிறிய அளவில் துவங்கிப் படிப்படியாகப் பழைய அளவுக்கு வரவேண்டும்.

6. வெளிவரும் கரைசல் நல்ல எரு. சாணத்திலிருந்த நைட்ரஜன் பெரும்பாலும் இதில் தங்கியிருக்கும். அதில் ஒரு பகுதி அம்மோனியாவாக மாறியிருப்பதால் வெயிலிற் காயவிட்டால் ஆவியாகப் போய்விடும். ஆதலால் பாசன நீரோடு கலந்து விடுதலோ, எருக்குழியில் சருகின்மேல் ஊற்றி மூடுதலோ சிறந்தது. இவ்வாறு ஓட்டக் கலத்தின் கழிவு ஈட்டுக் குழிக்கு உணவாகி, இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று துணையாகின்றன.

சாணம் நாள்தோறும் கிடைக்கிறது. அடுப்பும் நாள்தோறும் எரியவேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஓட்டக் கலம் பொருந்தும். சருகும் தாளும் அறுவடையோடு வருகின்றன; எரு உழவுக்கு முன் வேண்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் ஈட்டுக் குழி பொருந்தும். நாள்தோறும் சிறிதளவு சாணத்தைத் தவறாமல் கரைத்து ஊற்றுவதற்கு வீட்டில் ஒருவரேனும் பொறுப்பேற்பாராயின் கலம் கட்டலாம். அத்தகைய ஒருவர் இல்லையெனில் எருக்குழியை நன்றாக நடத்துவதே இலாபம். இதைத் தீர்மானித்துக்கொண்ட பின்பே கொத்தனாரை அழைத்தல் வேண்டும்.